கேடி வீட்டில் கிரிப் மாற்றுவது

ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் 'கேடி' என்று எழுதினேன். வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா கேடி, சித்தப்பா கேடி, எதிர்வீட்டு மாமா கேடி. டீச்சர் அதை வாய்விட்டுப் படித்தார். வகுப்பே சிரித்தது. தமிழில் கேடி என்றால் போலீஸ் ஏட்டில் பேர் ஏறினவன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கோல்ஃப் ஆடுகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவருக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர் என்று எடுத்துச் சொல்ல அந்த வயதில் வாய் வரவில்லை. அதை அழித்துவிட்டு 'கூலி' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அதற்குப் பிறகு உதவித்தொகை விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை, எம்.ஏ. சமூகவியல் என்று எல்லாப் படிவத்திலும் அப்பா கூலிதான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் அப்பாவும் மந்தைவெளி வாடகை வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து ஏழு கோல்ஃப் கம்புகளுக்குக் கிரிப் மாற்றினோம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இந்தப் பக்கத்தில் கோல்ஃப் எங்கே வந்தது என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அப்பா முப்பத்தியொரு வருடம் கேடி. சைதாப்பேட்டையில் வீடு, நடந்து போகும் தூரத்தில் மைதானம். பதினாலு வயதில் புதருக்குள் விழுந்த பந்தைத் தேடி எடுக்கும் பையனாகப் போனவர், முட்டி தேய்ந்து, சர்க்கரை ஏறிய பிறகுதான் நின்றார். ஒரு பை பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. பதினெட்டு குழி ஆடி முடிக்க ஏழெட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். சில நாள் காலையில் ஒருவருக்கு, மதியம் இன்னொருவருக்கு. மாதச் சம்பளம் கிடையாது. பை கிடைத்தால் காசு, மழை பெய்தால் பட்டினி.

இதோடு அவருக்கு வீட்டில் ஒரு உபதொழிலும் இருந்தது. உறுப்பினர்களின் கம்புகளில் கிரிப் தேய்ந்துபோனால் அவற்றை வீட்டுக்கு எடுத்து வந்து மாற்றிக் கொடுப்பார். கடையில் கொடுத்தால் ஆகும் செலவில் கால்வாசிகூட வாங்கமாட்டார். கம்புக்குப் பத்து ரூபாய் என்று என் நினைவு. திண்ணையில் சாக்கு விரித்து, அலுமினியத் தட்டு வைத்து, பெட்ரோல் வாடை தெரு முழுக்கப் பரவ உட்கார்ந்திருப்பார். தட்டைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அம்மா அடுப்பைத் தூரத் தள்ளி வைப்பார்.

கோல்ஃப் கம்பைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பின் அடியில் இரும்புத் தலை, நடுவில் எஃகுக் குழாய் (ஷாஃப்ட் என்பார்கள்), மேலே கை பிடிக்கும் இடத்தில் ரப்பர் உறை. அந்த உறைதான் கிரிப். ஆடுகிறவரின் உடம்பு அந்தக் கம்பைத் தொடுவது அந்த ஒரே இடத்தில்தான். வியர்வையும் வெயிலும் பட்டுப்பட்டு ரப்பர் வழவழப்பாகி இறுகிவிடும். இறுகின ரப்பர் கையில் நிற்காது. நிற்க வைக்க இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இறுக்கிப் பிடித்தால் தோள் விறைக்கும், கம்பு திரும்பும், பந்து போகிற இடம் வேறாகும். வாரத்துக்கு நான்கு நாள் ஆடுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அப்பாவின் கம்புகளில் இருந்தவை எந்தக் காலத்தவை என்று அவருக்கே நினைவில்லை.

அந்த ஏழு கம்புகளும் ஏழு கைகளிலிருந்து வந்தவை. ஒருவர் புதுசு வாங்கியபோது பழையதைக் கொடுத்தார். ஒருவர் தலை வளைந்துவிட்டது என்று தூக்கிப் போட்டார். ஒன்று ஒரு உறுப்பினர் ஆத்திரத்தில் மரத்தில் அடித்து வளைத்தது. அப்பா அதைத் தட்டி நிமிர்த்தினார். பெரும்பாலான இடங்களில் வழக்கம் ஒன்று உண்டு. உறுப்பினர்கள் வராத திங்கட்கிழமை காலையில் கேடிகள் கொஞ்ச நேரம் ஆடிக்கொள்ளலாம். அப்பா அந்தத் திங்கட்கிழமைகளுக்காக வாரம் முழுக்க நடந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அது புரியவில்லை. திங்கட்கிழமை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடாத அப்பா என்ற கோபம் மட்டும் இருந்தது.

இரண்டு வருடமாக அவர் என்னோடு இருக்கிறார். கட்டிலுக்கு அடியில் அரிசிச் சாக்கில் சுற்றிய அந்த ஏழு கம்புகளும் கூடவே வந்தன. சித்தப்பாவின் பேரன் இப்போது அதே வேலைக்குப் போகிறான். பதினாறு வயது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டே சனி, ஞாயிறில் பை தூக்குகிறான். திங்கட்கிழமை விடியலில் யாரிடமாவது கம்பு கடன் வாங்கி ஆடிவிட்டு அரக்கப்பரக்கப் பள்ளிக்கு ஓடுகிறான். நன்றாக ஆடுகிறான் என்று அப்பா காதுக்கு எட்டியிருக்கிறது. "அந்தப் புள்ளைக்குக் குடுத்துடலாம் பாப்பா. ஆனா இப்டியே குடுக்கக் கூடாது. கிரிப்பு கல்லு மாதிரி கீது. கை கொப்பளிச்சுடும்" என்றார். அவரால் இப்போது செய்ய முடியாது. சர்க்கரையால் விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. டம்ளரையே இரண்டு கையால் பிடிக்கிறார்.

"நீ சொல்லுப்பா, நான் செய்யறேன்" என்றேன்.

தி.நகரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டேன். கடைப் பையன் கிரிக்கெட் மட்டை கிரிப்பை எடுத்துப் போட்டான். அது வேறு ஜாதி (இந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது பாருங்கள்). அது மெல்லிய ரப்பர் குழல், சுருட்டி ஏற்றுவது. கடைசியில் இணையத்தில் இருப்பதிலேயே மலிவாக, ஒன்று 280 ரூபாய் என்று ஏழு வாங்கினேன். பந்தைக் குழிக்குள் உருட்டும் கம்புக்கு மட்டும் வேறு வடிவம், முன்பக்கம் தட்டையாக இருக்கும். அது 350. சாதாரணக் கம்பு ஆறுதான், ஆனால் "ஒண்ணு சேத்து வாங்கு" என்று அப்பா முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஏன் என்று பிறகு தெரிந்தது. இரண்டு அங்குல அகல டபுள் சைடு டேப் ஒரு உருளை லஸ் பக்கம் ஹார்டுவேர் கடையில். மயிலாப்பூரில் பெயின்ட் கடையில் அரை லிட்டர் டர்பன்டைன். பெட்ரோல் வேண்டாம், பற்றிக்கொள்ளும் என்று நானே சொல்லிவிட்டேன். டர்பன்டைனும் பற்றும்தான், ஆனால் பெட்ரோல் அளவுக்கு ஆவியாகாது. தின்னர் வாங்காதே, சில ரப்பரை அது தின்றுவிடும் என்றார் அப்பா. ஒரு கட்டர், பழைய துணி, அலுமினியத் தட்டு. அந்தத் தட்டு அதே பழைய தட்டு.

முதலில் பழைய கிரிப்பை அறுக்க வேண்டும். கத்தியைக் கீழ்முனையில் செருகி, கூர்ப்பக்கம் நமக்கு எதிர்த்திசையில் இருக்க, மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். தன் பக்கம் இழுக்கவே கூடாது. அப்பாவின் இடது தொடையில் இரண்டு அங்குலத் தழும்பு உண்டு. அது இழுத்ததால் வந்தது. குழாய் எஃகு என்றால் கத்தி பட்டாலும் பாதகமில்லை. கருப்புக் கார்பன் குழாய் என்றால் கீறல் விழுந்த இடத்தில் பின்னால் ஒருநாள் ஒடியும். எங்களுடையது எல்லாம் எஃகு.

அறுத்த கிரிப் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. அப்பா ஒவ்வொன்றையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் குழி விழுந்திருக்கும். அதைப் பார்த்தே, "இது அந்த டாக்டருது. இடது கட்ட விரல ஓவரா அமுக்குவாரு. பந்து எப்பவும் இடது பக்கம் போவும். பத்து வருசம் சொன்னேன், கேக்கல" என்றார். இன்னொன்றில் சுண்டு விரல் பக்கம் மட்டும் தேய்வு. "இவரு அடிக்கறப்ப கையத் தொறப்பாரு." விரலில் உணர்ச்சி இல்லாதவர், கண்ணால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

எனக்கு அப்போது எம்.ஏ. வகுப்பு ஒன்று ஞாபகம் வந்தது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் போர்தியு 1979-ல் எழுதிய 'டிஸ்டிங்ஷன்' நூலைப் பாடம் எடுத்தார்கள். ரசனை, விளையாட்டு, சாப்பாடு எல்லாம் எப்படி வர்க்கத்தின் அடையாளமாகின்றன என்பது பேச்சு. கோல்ஃப் உதாரணமாக வந்தது. "இங்கே யாருக்காவது கோல்ஃப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டார் பேராசிரியர். ஒரு மாணவன் கை தூக்கினான், அவனுடைய மாமா உறுப்பினர். நான் தூக்கவில்லை. கிரிப் உரிக்கத் தெரியும், ஐந்தாம் நம்பர் இரும்புக்கும் ஏழாம் நம்பருக்கும் வித்தியாசம் தெரியும், எந்தக் காற்றுக்கு எந்தக் கம்பு என்று அப்பா வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்த வகுப்பிலேயே அதிகம் தெரிந்தவள் நான்தான். வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி 'எப்படித் தெரியும்?' என்று வரும். அதற்காகவே பேசாமல் இருந்தேன். நல்ல மார்க் வாங்கினேன்.

சரி, வேலைக்கு வருவோம். உரித்த பிறகு குழாயில் பழைய டேப் காய்ந்து ஒட்டியிருக்கும். இதுதான் உயிரை எடுக்கிற இடம். கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றி ஊற வைத்து, இரும்பு ஸ்கேலால் சுரண்டி, டர்பன்டைன் தொட்டுத் துடைக்க வேண்டும். விரல் வைத்தால் ஒட்டக் கூடாது. ஒரு கம்புக்கு இருபது நிமிடம் ஆனது. அதன் பிறகு புதுக் கிரிப்பைக் குழாயின் பக்கத்தில் வைத்து நீளம் அளந்து, அதுவரை டேப்பை நெடுக்காக ஒட்டிச் சுற்ற வேண்டும். குழாயின் வாய்க்கு மேலே அரை அங்குலம் நீட்டி விட்டு, அதை முறுக்கிக் குழாய்க்குள் திணித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டர்பன்டைன் உள்ளே போய் தலை வரை இறங்கும். பிறகு டேப்பின் மேல்தாளை உரிக்கலாம்.

கிரிப்பின் மேல்முனையில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதை 'டீ' வைத்து அடைக்க வேண்டும். டீ என்பது பந்தை உயர்த்தி வைக்கும் மரக்குச்சி. பிஸ்கெட் டப்பா நிறைய அப்பாவிடம் இருக்கிறது, எல்லாம் மைதானத்தில் பொறுக்கியவை. (அந்தக் குச்சிக்கு 1899-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் ஜார்ஜ் கிராண்ட் என்ற கறுப்பினப் பல் மருத்துவர். அப்பாவிடம் சொன்னேன். "அப்டியா, அவரு ஆடுவாரா?" என்றார். ஆடியவர்தான்.) கிரிப்புக்குள் டர்பன்டைன் ஊற்றி, வாயை விரலால் மூடிக் குலுக்கி, அதையே டேப் மீது வழியவிட வேண்டும். ஒட்டும் டேப் கொஞ்ச நேரத்துக்கு வழுக்கும் டேப் ஆகிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் டீயை எடுத்துவிட்டு, கிரிப்பின் வாயை விரித்துக் குழாயில் செருகி, ஒரே மூச்சில் அடிவரை தள்ள வேண்டும்.

முதல் இரண்டும் நன்றாகப் போயின. மூன்றாவதில் பாதி வழியில் ஒரு நொடி நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான். ஒட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"நிறுத்தாத, நிறுத்தாத! தள்ளு! ...போச்சு."

காலை ஊன்றித் தள்ளினேன். கதவிடுக்கில் கம்பைக் கொடுத்து இழுத்தேன். அப்பா தன் மரத்த கையோடு எழுந்து வந்து என் கை மேல் கை வைத்து அழுத்தினார். அசையவில்லை. இரண்டு பேரும் வியர்த்துப் போய்ச் சிரித்தோம். அந்த ரப்பரை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. 280 ரூபாய் போனது. ஒன்று சேர்த்து வாங்கச் சொன்னது அதற்குத்தான். "நானும் மொத வருசம் நாலு வீணாக்கினேன். உறுப்பினர் கிரிப்பு. மூணு நாளு கூலி அதுக்கே பூடுச்சு" என்றார். அந்தக் கதையை அதுவரை அவர் சொன்னதே இல்லை.

அப்போதுதான் ஹவுஸ் ஓனர் மாமி மாடியிலிருந்து இறங்கி வந்தார். இந்த வீட்டில் கருவாடு வறுக்கும் நாளில் நான் ஜன்னலைச் சாத்துவேன். வீடு பார்க்க வந்தபோது கேட்ட கேள்விகளைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். டர்பன்டைனுக்கு ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தேன், மூச்சு முட்டும் என்று. மாமி வாசலில் நின்று மூக்கைச் சுளித்தவர், கம்புகளைப் பார்த்ததும் முகம் மாறினார்.

"அடடே, கோல்ஃபா? எங்க தம்பி பையன்கூட அமெரிக்கால ஆடறான். சொல்லவே இல்லையே நீ. அப்பா எந்த கிளப்ல மெம்பர்?"

தோழர்களே, அந்த ஒரு நொடியைத்தான் சொல்ல வந்தேன். மாமியின் குரலில் இதுவரை கேட்காத ஒரு இழைவு இருந்தது. 'இல்லை' என்று சொல்லாமல் சிரித்துவிட்டால் போதும், வாடகை வீட்டில் நிம்மதியாக இருக்கலாம். எனக்கு வாய் அப்படித்தான் போனது. பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையும் வரவில்லை. "அது வந்து மாமி..." என்று இழுத்தேன்.

அப்பா தரையில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "மெம்பரு இல்லீங்கமா. கேடி. பை தூக்கனவன். முப்பத்தியோரு வருசம்."

"ஓ... அப்படியா" என்றார் மாமி. "வாடை மாடி வரைக்கும் வர்றது, அதான் கேட்டேன்." ஏறிப் போய்விட்டார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அடுத்த கம்பை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். பேசவில்லை. நான் தலித் பெண்கள் மத்தியில் சுயமரியாதைப் பட்டறை நடத்துகிறவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா கண்ணயர்ந்தார். மிச்சமிருந்தவற்றில் ஐந்தாம் நம்பர் இரும்பை நானே தனியாகச் செய்தேன். கற்றுக்கொண்டுவிட்டேன் என்ற திமிர். ஒரே மூச்சில் உள்ளே போனது. மாலை அவர் விழித்ததும் பட்டரை மட்டும் சேர்ந்து முடித்தோம். தட்டைப் பக்கம் தலைக்கு நேராக இருக்கிறதா என்று அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மயிரிழை திருப்பச் சொன்னார். ஏற்றிய பிறகு ஓரிரு நிமிடம்தான் திருப்ப முடியும், அதற்கு மேல் பிடித்துக்கொள்ளும். இரவு முழுக்கக் காய வேண்டும். ஏழு கம்புகளையும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

என் தாத்தா குரோம்பேட்டையில் தோல் ஆலையில் வேலை செய்தவர். அந்த ஊரின் பெயரே குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்ததுதான். ரப்பர் உறைகள் பரவலாவதற்கு முன், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கோல்ஃப் கிரிப் என்பது கம்பில் சுற்றிய தோல் வார். அப்பாவுக்கு இது தெரியும். அவர் சேர்ந்த காலத்தில் பழைய உறுப்பினர்கள் சிலரிடம் தோல் சுற்றிய கம்புகள் இருந்தனவாம். "தோலு அவங்க கையில இருந்தா கிரிப்பு. நம்ம கையில இருந்தா தீட்டு" என்றார். நான் எத்தனை கட்டுரை படித்திருக்கிறேன், இப்படி ஒரு வரி எழுத வரவில்லை.

போனில் அவருக்கு பாப்வா செவ்கோலம் படத்தைக் காட்டினேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்த இந்திய வம்சாவளி கேடி. பள்ளிப் படிப்பு இல்லாதவர். எல்லோரும் பிடிப்பதற்கு நேர்மாறாகக் கைகளை மாற்றி வைத்துக் கம்பைப் பிடிப்பார். யாரும் சொல்லிக் கொடுக்காததால் வந்த பிடி. அந்தப் பிடியோடு 1959-ல் டச்சு ஓப்பனை வென்றார். 1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனில் வெள்ளையர்களைத் தோற்கடித்தார். அன்று மழை. வெள்ளை ஆட்டக்காரர்கள் கிளப் கட்டடத்துக்குள் இருந்தார்கள், இந்தியர் உள்ளே போகக் கூடாது என்பதால் வென்றவருக்குக் கோப்பையை வெளியில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த ஊருக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் 1860-ல் புறப்பட்டது நம் மெட்ராஸிலிருந்து. 'கூலி' அங்கே இந்தியர் அனைவரையும் குறிக்கும் வசைச்சொல்லாக இருந்தது. என் பள்ளிப் படிவத்தில் நான் மாற்றி எழுதிய அதே சொல்.

அப்பா முதலில், "டர்பனா? டர்பன்டைன் வர்ற ஊரா?" என்று கேட்டார். பிறகு படத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கைகளை உற்றுப் பார்த்தார். "இப்டிப் புடிச்சாலும் பந்து போவும். போவாதுன்னு யாரு சொன்னது?"

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே தொழில்முறை ஆட்டக்காரர் சங்க விதியிலேயே 1934 முதல் 1961 வரை 'வெள்ளையர் மட்டும்' என்று எழுதியிருந்தார்கள். புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டியில் 1975-ல் லீ எல்டர் வரும் வரை ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட ஆடியதில்லை. ஆனால் 1982 வரை அந்த மைதானத்தில் கேடிகள் அனைவரும் கறுப்பினத்தவர். நம் பல்வாங்கர் பாலுவை உங்களுக்குத் தெரியும். புனேயில் வெள்ளையர் கிளப்பில் களம் பராமரிக்கும் வேலைக்கு இருந்தவரை மணிக்கணக்கில் பந்து வீச வைத்தார்கள், மட்டையை மட்டும் கையில் கொடுக்கவில்லை. 1911-ல் இங்கிலாந்தில் அவர் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பந்து வீசலாம், பை தூக்கலாம், கிரிப் மாற்றலாம். பிடிப்பதில்தான் சிக்கல்.

பிடித்துக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்றார். 2009-ல் அதே பட்டத்தை வென்றவர் பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா. அவர் வென்ற செய்தி வந்த பேப்பரை அப்பா பல வருடம் வைத்திருந்தார்.

2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை என்று பெரிய விவாதம் நடந்து, அந்த ஆண்டே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது நினைவிருக்கலாம். அதைப் பற்றி அப்போதே அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "நாங்க பேன்ட் போட்டுனுதான் போனோம். எங்களையும் உள்ள உடலியே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமி மறுபடி வந்தார். தம்பி மகன் டிசம்பரில் வருகிறானாம், பழைய செட் ஒன்று இங்கேயே கிடக்கிறதாம். "உங்க அப்பாவால பண்ணித் தர முடியுமா?" எனக்குச் சுருக்கென்றது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா முந்திக்கொண்டார். "பாப்பா செய்வாங்கமா. நான் பக்கத்துல இருந்து பாத்துக்கறேன். கம்புக்கு நூத்தம்பது ரூபா. கிரிப்பு அவங்க வாங்கித் தரணும்." மாமி கொஞ்சம் யோசித்து, சரி என்றார். அவர் போன பிறகு நான் அப்பாவோடு சண்டை போட்டேன். இன்னும் எத்தனை நாளைக்கு அவங்களுக்கே செய்வது என்றேன். "பத்து ரூபாய்க்கு செஞ்சதுதான் தப்பு. நூத்தம்பதுக்கு செய்யறதுல இன்னா தப்பு?" என்றார். இதில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

சாயங்காலம் பையன் வந்தான். சித்தப்பா குடும்பம் 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டுப் பெரும்பாக்கத்தில் இருக்கிறது. வேலைக்கு வர ஒரு வழிக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்க அவன் எத்தனை மணிக்கு எழுகிறான் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024-ல் கிண்டி ரேஸ் கிளப் குத்தகையை அரசு ரத்து செய்தபோது கணக்கு வெளியே வந்தது. 160 ஏக்கர், 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகை, பாக்கி 730 கோடி ரூபாய் என்று அரசு சொன்னது. அந்த நிலத்துக்குள் ஒரு கோல்ஃப் மைதானமும் இருந்தது. அந்தப் பாக்கிக்கு நோட்டீஸ், வழக்கு, மேல்முறையீடு எல்லாம் உண்டு. சித்தப்பா வீட்டுக்கு லாரிதான் வந்தது.

பையன் கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்துப் பார்த்தான். புது ரப்பர் வாசனையை முகர்ந்தான். அப்பா அவன் பின்னால் நின்று, மரத்த கைகளால் அவன் கையைச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரலை ஒதுக்கி வைத்தார். "இறுக்காத. குருவிய புடிக்கற மாதிரி புடி. செத்துடவும் கூடாது, பறந்துடவும் கூடாது." பின்கட்டில் இடம் போதவில்லை. கம்பைத் தூக்கினால் கொடிக்கயிற்றில் இடித்தது. அம்மாவின் பழைய சேலையில் ஏழையும் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

திங்கட்கிழமை ஏழரை மணிக்குப் போன் வந்தது. பின்னால் ஒரே சத்தம், சிரிப்பு. நன்றாகப் போகிறது, ஏழாம் நம்பரில் மரத்தைத் தாண்டிவிட்டது, எல்லோரும் தாத்தா கம்பா என்று கேட்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கி, "அத்தை, அஞ்சாம் நம்பர் மட்டும் கைல லேசா திரும்புது" என்றான்.

அப்பாவிடம் சொன்னேன். இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் தூங்கறப்ப நீ போட்டதா? டேப்பு அடிவரைக்கும் வரல. ஞாயித்துக்கிழமை எடுத்துனு வரச் சொல்லு. கிரிப்பு ஒண்ணு ஆர்டர் போட்டுடு."